கோயில் கட்டும் பணம் வரியா, கட்டணமா? – ஷிரூர் மடத்து வழக்கின் கதை



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். காப்பிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சின்ன உறவு உண்டு. அது நடுவில் வரும்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு சண்டை நடக்கிறது. "கோயில் வருமானத்தில் அரசாங்கம் ஏன் 12 சதவீதம் எடுக்கிறது?" என்று ஒருவர் போடுவார். "நிர்வாகம் பார்க்கிறார்களே, சம்பளம் யார் கொடுப்பது?" என்று இன்னொருவர் பதில் போடுவார். பிறகு இரண்டு பக்கமும் சூடாகி, கடைசியில் யாராவது ஒரு காலை வணக்கப் படத்தைப் போட்டு முடித்து வைப்பார்கள். நான் இதில் எந்தக் கட்சியும் கட்டப் போவதில்லை. ஆனால் இந்தப் பணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் போடும் சண்டையில் பயன் இல்லை. அந்த வரலாறு கோயிலோடு நிற்பதும் இல்லை. பத்திரப் பதிவு, மார்க்கெட் கமிட்டி, நீதிமன்றம் என்று நாம் அரசு அலுவலகத்தில் கட்டும் ஒவ்வொரு கட்டணத்தையும் அது தொடுகிறது.

முதலில் ஒரு சின்னப் பாடம். வரி வேறு, கட்டணம் வேறு. வரி கட்டினால் "எனக்கு என்ன திருப்பித் தருகிறாய்?" என்று அரசைக் கேட்க முடியாது. அது பொதுச் செலவுக்குப் போகும். சாலை போடலாம், போலீசுக்குச் சம்பளம் கொடுக்கலாம், பள்ளிக்கூடம் கட்டலாம். கட்டணம் அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட சேவைக்காக வாங்குவது அது. அந்தச் சேவைக்கு ஆகும் செலவை ஈடுகட்டத்தான் அதை வாங்க வேண்டும்.

பள்ளிக்கூடத்து உதாரணம் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். அந்தக் காலத்தில் ஸ்பெஷல் ஃபீஸ் கட்டினீர்களே, நினைவிருக்கிறதா? விளையாட்டுக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு என்று தனித்தனித் தலைப்பில் வாங்குவோம். விளையாட்டுக் கணக்கில் வந்த பணத்தில் பந்து வாங்கலாம், வலை வாங்கலாம். அலுவலக அறைக்கு மின்விசிறி வாங்கிவிட்டால் ஆடிட்டில் கேள்வி வரும். எதற்காக வாங்கினோமோ அதற்கே செலவழிக்க வேண்டும். நம் கதை முழுக்க இந்த ஒரு விதியைப் பற்றியதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

கோயில் சொத்துகளை அரசு மேற்பார்வை செய்வது நேற்று வந்த பழக்கம் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்திலேயே, 1817-இல், சென்னை மாகாணத்தில் 7-வது ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கோயில்கள், சத்திரங்கள் முதலியவற்றின் மானியங்கள் வீணாகாமல் பார்க்கும் பொறுப்பு ரெவின்யூ போர்டுக்குத் தரப்பட்டது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயில்களை நிர்வகிப்பதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்புக் கிளம்பியது. கம்பெனி மெல்ல மெல்லக் கையை விலக்கிக்கொண்டது. 1863-இல் வந்த 20-வது சட்டத்தின் மூலம் பிரிட்டிஷ் அரசு இந்தப் பொறுப்பிலிருந்து முழுவதும் ஒதுங்கி, உள்ளூர்க் கமிட்டிகளிடமும் தர்மகர்த்தாக்களிடமும் ஒப்படைத்துவிட்டது.

அடுத்த அறுபது ஆண்டுகளில் கோயில் நிலங்கள் கைமாறுவதும் கணக்கு இல்லாமல் போவதுமாகப் புகார்கள் பெருகின. நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் முதல் அமைச்சராக இருந்தபோது, இந்து சமய அறநிலையச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1925-இல் வந்த முதல் சட்டத்தின் செல்லுபடி பற்றிச் சந்தேகம் எழவே, 1927-இல் அதே நோக்கத்தோடு வேறொரு சட்டம் இயற்றினார்கள். இதன்படி அறநிலைய வாரியம் ஒன்று அமைந்தது. வாரியத்தின் செலவுக்குக் கோயில்களும் மடங்களும் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்று ஏற்பாடு.

சுதந்திரம் வந்தது. 1950-இல் அரசியலமைப்புச் சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டே சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 1951-ஆம் ஆண்டு 19-வது சட்டம் வாரியத்தைக் கலைத்து, ஆணையர் தலைமையில் அரசுத் துறை ஒன்றை அந்த இடத்தில் வைத்தது. இன்று நாம் பார்க்கும் அறநிலையத் துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தச் சட்டத்தின் 76-வது பிரிவுதான் நம் கதாநாயகன். அரசும் அதன் அலுவலர்களும் செய்யும் சேவைக்காக ஒவ்வொரு சமய நிறுவனமும் ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேற்படாத தொகையை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது அது. ஆண்டு வருமானம் 1,000 ரூபாய்க்குக் குறையாத நிறுவனங்கள், கணக்குத் தணிக்கைக்காக மேலும் ஒன்றரை சதவீதம் வரை தர வேண்டும். அதாவது 10,000 ரூபாய் வருமானம் உள்ள ஒரு கோயில், உச்ச வரம்பில் போட்டால், 500-ம் 150-ம் சேர்த்து 650 ரூபாய் கட்ட வேண்டும்.

இந்தப் பணம் எங்கே போனது? மாநிலத் தொகுப்பு நிதிக்குப் போனது. அதாவது அரசின் பொதுக் கஜானாவுக்கு. நில வரியும் விற்பனை வரியும் எந்தப் பெட்டியில் விழுந்தனவோ அதே பெட்டியில் கோயில் பணமும் விழுந்தது. துறை அலுவலர்களுக்கான சம்பளம், மற்ற துறைகளுக்கு ஒதுக்குவதைப் போலவே பொது வருவாயிலிருந்து ஒதுக்கப்பட்டது. வாரியம் இருந்தவரை வாரியத்தின் செலவுக்கு என்று இருந்த பணம், வாரியம் போனதும் பொது வெள்ளத்தில் கலந்துவிட்டது. வெளியே பார்த்தால் இது வெறும் கணக்குப் பிள்ளை சமாச்சாரம். ஆனால் சட்டம் சறுக்கியது இங்கேதான்.

இப்போது உடுப்பிக்குப் போவோம். உடுப்பி அன்று தென் கன்னட மாவட்டத்தில் இருந்தது. தென் கன்னடம் அன்று சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். ஆகவே சென்னையில் இயற்றிய சட்டம் அங்கும் செல்லும். மத்வாசாரியார் வழியில் வந்த எட்டு மடங்கள் உடுப்பியில் உண்டு. கிருஷ்ணன் கோயில் பூஜைப் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒரு மடம் என்று முறை வைத்துச் சுற்றி வரும். இதற்குப் பர்யாயம் என்று பெயர். முறை வரும் மடம் அந்த இரண்டு ஆண்டும் வருவோர்க்கெல்லாம் அன்னதானம் செய்ய வேண்டும். செலவு மிகக் கடுமையாக இருக்கும்.

அந்த எட்டில் ஒன்று ஷிரூர் மடம். அதன் தலைவர் ஸ்ரீ லட்சுமீந்திர தீர்த்த சுவாமியார். பர்யாயச் செலவுகளால் மடம் பெருங்கடனில் விழுந்தது. 1946-இல் தொடங்கிய பர்யாயமோ உணவுப் பஞ்ச காலத்தில் வந்தது. கடனைக் காரணமாக வைத்து, மடத்தின் நிர்வாகத்துக்கு ஒரு திட்டம் வகுக்க அறநிலைய வாரியம் முனைந்தது. சுவாமியார் அதைத் தடுக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 1951-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. மனுவைத் திருத்தி, புதிய சட்டத்தையே எதிர்த்தார். உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆணையர் உச்ச நீதிமன்றத்தில் மேல் முறையீடு செய்தார்.

1954-இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் நீதிபதி பி. கே. முகர்ஜி. சமய சுதந்திரம் பற்றி அந்தத் தீர்ப்பு சொன்னவை மிகப் புகழ் பெற்றவை, சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஆனால் அதே தீர்ப்பின் பின்பகுதியில் 76-வது பிரிவைப் பற்றி ஒரு விசாரணை இருக்கிறது. பொதுமக்களாகிய நமக்கு நேரடியாகத் தேவைப்படுவது அதுதான்.

கேள்வி இது. கோயில்கள் தரும் இந்த 5 சதவீதம் வரியா, கட்டணமா? ஏன் இது முக்கியம்? அரசியலமைப்புச் சட்டம் யார் எதற்கு வரி போடலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அறநிலையங்களைப் பற்றிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. அது சம்பந்தமாகக் கட்டணம் வாங்கவும் அதிகாரம் உண்டு. ஆனால் அறநிலையங்கள் மீது இப்படி ஒரு வரி போட மாநிலத்துக்கு என்று எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை. ஆக, கட்டணம் என்றால் பிழைக்கும், வரி என்றால் செத்தது.

வரி என்றால் என்ன என்பதற்கு ஓர் இலக்கணம் வேண்டுமே! நீதிபதிகள் அதை ஆஸ்திரேலியாவிலிருந்து எடுத்தார்கள். 1938-இல் விக்டோரியா மாநிலத்துச் சிக்கரி விற்பனை வாரியத்தின் மேல் ஒரு விவசாயி போட்ட வழக்கு. ஆம், நம் ஃபில்டர் காப்பித் தூளில் கலக்கிறோமே, அதே சிக்கரிதான். காப்பிக்கும் கதைக்கும் உறவு உண்டு என்றேனே, இதுதான் அது. சேவைக்கு விலையாக இல்லாமல், பொது நோக்கத்துக்காக, சட்டத்தின் பலத்தில் கட்டாயமாக வசூலிக்கும் பணமே வரி என்பது அந்த வழக்கில் கிடைத்த இலக்கணத்தின் சாரம். சிக்கரிச் செடிக்குச் சொன்ன விளக்கம் உடுப்பி மடத்துக்கும் பொருந்தியது!

பிறகு நீதிபதிகள் 76-வது பிரிவைப் பார்த்தார்கள். "சேவைக்காக" என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பெயர் வைத்தால் மட்டும் போதுமா? வசூலான பணம் அந்தச் சேவைக்கு என்று ஒதுக்கி வைக்கப்படவில்லை. பொதுக் கஜானாவில் கலந்துவிட்டது. செலவும் பொதுக் கஜானாவிலிருந்துதான் நடக்கிறது. இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றும் அவர்கள் கவனமாகச் சொன்னார்கள். அதைவிட முக்கியமாக, துறை செய்யும் செலவுக்கும் கோயில்களிடம் வாங்கும் தொகைக்கும் எந்த ஒப்பீடும் இல்லை. செலவு எவ்வளவு என்று பார்த்து 5 சதவீதம் வைக்கவில்லை. வருமானம் எவ்வளவு என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். அதிக வருமானம் உள்ளவனிடம் அதிகம் என்பது வருமான வரியின் குணம். ஆகவே இது வரி. 76-வது பிரிவு செல்லாது.

இங்கே ஒரு சுவாரசியம். அதே 1954-இல், அதே நீதிபதி எழுதிய தீர்ப்புகளில், இதே போன்ற வேறு இரண்டு சட்டங்கள் தேறிவிட்டன. ஒன்று ஒரிசா அறநிலையச் சட்டம், மற்றொன்று பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டம். அங்கேயும் சமய நிறுவனங்களிடம் கட்டாயமாகத்தான் பணம் வாங்கினார்கள். அங்கேயும் வருமானத்தில் பங்குதான். பிறகு என்ன வித்தியாசம்? ஒரிசாவில் வசூலான தொகை பொதுக் கஜானாவில் கலக்காமல், அதற்கென்றே உள்ள தனி நிதியில் சேர்ந்தது. மேற்பார்வைச் செலவு அதிலிருந்து நடந்தது. பம்பாயிலும் அறக்கட்டளை நிர்வாகத்துக்கு என்று தனி நிதி இருந்தது. தனிப் பெட்டி வைத்த இருவரும் பாஸ், பொதுப் பெட்டியில் போட்ட நாம் ஃபெயில்!

சென்னை அரசு இந்தப் பாடத்தை உடனே படித்தது. அதே ஆண்டில் 27-வது சட்டமாகத் திருத்தம் வந்தது. கோயில்களும் மடங்களும் தரும் தொகை துறையின் செலவுக்கே என்று கணக்கைப் பிரித்து அமைத்தார்கள். திருத்திய சட்டத்தையும் எதிர்த்து ஒரு மடாதிபதி வழக்குத் தொடுத்தார். அவரும் தென் கன்னடத்தில் இருந்துதான். அதற்குள் 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்து, தென் கன்னடம் மைசூர் மாநிலத்துக்குப் போய்விட்டது. சென்னையில் எழுதிய சட்டத்துக்கு மைசூர் ஆணையர் பதில் சொல்ல நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் இந்த முறை சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு கோயிலும் தான் கட்டிய காசுக்குச் சமமான சேவையைத் தனித்தனியாகப் பெற வேண்டும் என்பதில்லை. மொத்தமாக வாங்குவதற்கும் மொத்தமாகச் செலவழிப்பதற்கும் நியாயமான பொருத்தம் இருந்தால் அது கட்டணம்தான் என்றது தீர்ப்பு.

இடையில் 1959-இல் நம் மாநிலம் 22-வது சட்டத்தை இயற்றியது. இன்றுவரை தமிழ்நாட்டில் நடப்பது அந்தச் சட்டம்தான். 92-வது பிரிவில் இந்தத் தொகை வருகிறது. இன்று நிர்வாகத்துக்கு 12 சதவீதம், தணிக்கைக்கு 4 சதவீதம் என்பது அதன் வரம்பு. அன்று ஆறரையாக இருந்தது இன்று பதினாறு.

சரி, கோயிலை விட்டு வெளியே வருவோம். ஷிரூர் தீர்ப்பு வைத்த அளவுகோல் பிறகு வேறு இடங்களுக்கும் பயணம் செய்தது.

பஞ்சாபில் விவசாய விளைபொருள் மார்க்கெட் கமிட்டிகள் உண்டு. நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் மாதிரி. அங்கே வாங்கும் தானியத்தில் 100 ரூபாய்க்கு இவ்வளவு என்று மார்க்கெட் கட்டணம். அதைப் படிப்படியாக உயர்த்தி 3 ரூபாய்க்குக் கொண்டு போனார்கள். வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். கட்டணப் பணத்திலிருந்து ஃபரித்கோட்டில் உள்ள மருத்துவக் கல்லூரிக்கு நன்கொடை போனது வழக்கில் பேசப்பட்டது. மருத்துவக் கல்லூரி நல்ல காரியம்தான். யார் மறுப்பார்கள்? ஆனால் நெல்லும் கோதுமையும் வாங்கி விற்பவனுக்கு மார்க்கெட் வசதிக்காக வாங்கிய காசு அது. 1979-இல் உச்ச நீதிமன்றம் 2 ரூபாய்க்கு மேல் உயர்த்தியதை ஏற்கவில்லை.

நம் சென்னையிலும் ஒரு வழக்கு. நீதிமன்றத்தில் வழக்குப் போடக் கட்டும் கோர்ட் ஃபீஸ் பற்றியது. 1970-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் கருத்து இது: கோர்ட் ஃபீஸ் ஒரு கட்டணம், நீதி நிர்வாகச் செலவோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும், வழக்காட வருகிறவனிடம் வாங்கிச் சாலை போடக் கூடாது. நியாயம் கேட்டு வருகிறவன் ஏற்கெனவே ஏதோ ஓர் இழப்போடு வருகிறான். அவன் தலையில் ஊர்ச் செலவை ஏற்றலாமா?

ஆனால் காலம் போகப் போக இந்த அளவுகோல் தளர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1983-இல் ஆந்திர மார்க்கெட் கட்டண வழக்கில், பணம் தொகுப்பு நிதிக்குப் போகிறது என்பதால் மட்டும் கட்டணம் வரியாகிவிடாது என்றும், வரவையும் செலவையும் தராசில் வைத்து நிறுக்கத் தேவையில்லை, பொதுவான ஒரு தொடர்பு இருந்தால் போதும் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிபதிகள் பேனா பிடித்துக்கொண்டு ஒவ்வொரு துறையின் கணக்கையும் கூட்டிப் பார்க்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதன் பலன், அந்த வேலை நீதிமன்றத்திடமிருந்து சட்டமன்றத்துக்கும் தணிக்கைக்கும் நமக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இத்தனை ஆண்டு வரலாற்றைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

கட்டணத்தை அந்தந்தத் துறையின் கணக்குக்கே திருப்பிவிடுவது கட்டுகிறவனுக்கு ஒரு பாதுகாப்பு. நான் கட்டியது எதற்குப் போனது என்று விரல் வைத்துக் காட்டலாம். பொதுக் கஜானாவில் கலந்துவிட்டால் அந்தக் கேள்வியே கேட்க முடியாது. அந்த அளவில் 1954-இல் நம் மாநிலம் செய்த திருத்தம் நல்ல திருத்தம்.

ஆனால் தனிப் பெட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. தன் கட்டணத்திலேயே வாழும் துறைக்குக் கட்டணத்தைக் குறைக்க என்ன அவசரம்? செலவு கூடினால் சதவீதத்தைக் கூட்டினால் போயிற்று. பொதுக் கஜானாவிலிருந்து பணம் வேண்டும் என்றால் மற்ற துறைகளோடு போட்டியிட்டுக் காரணம் சொல்ல வேண்டும். தனி நிதி இருந்தால் அந்தக் கட்டாயம் குறைகிறது. ஷிரூர் தீர்ப்பு கேட்டது இரண்டு விஷயம் என்பதை மறந்துவிடக் கூடாது. பணம் தனியாக இருக்கிறதா என்பது ஒன்று. வாங்குவதும் செலவழிப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சட்டத் திருத்தம் ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

பெரிய கோயிலுக்குப் பதினாறு சதவீதம் தெரியாது. வருமானம் 1 லட்சம் மட்டுமே உள்ள ஒரு கிராமக் கோயிலுக்கு, உச்ச வரம்பில் போட்டால், 16,000 ரூபாய் என்பது விளக்கெண்ணெய்ச் செலவும் பூசாரியின் சம்பளமும். வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்க்க ஆள் இல்லாமல் 1863-க்குப் பிறகு என்ன ஆயிற்று என்று மேலே சொன்னேன். மேற்பார்வை வேண்டும், அதற்குக் காசும் வேண்டும். ஆனால் அந்தக் காசுக்கு அந்தக் கோயிலுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க அந்த ஊர்க்காரருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்குச் சட்டத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது உடுப்பியில் கடனில் மூழ்கிய ஒரு மடத்தின் வழக்கு.

உங்களில் பலர் இன்று அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். சிலர் வக்கீல்கள், சிலர் ஊராட்சித் தலைவர்கள். பதிவுக் கட்டணம், உரிமக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம் என்று எத்தனையோ ரசீது உங்கள் கை வழியாகப் போகிறது. உங்கள் அலுவலகத்தில் வாங்கும் கட்டணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது, எதற்குச் செலவாகிறது என்று ஒரு முறை பாருங்கள். தெரிந்தால் கீழே எழுதுங்கள், எல்லோரும் கற்றுக்கொள்வோம். குடும்பக் குழுவில் சண்டை போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "12 சதவீதம்" என்று எழுதும் முன், உங்கள் ஊர்க் கோயிலின் கடைசித் தணிக்கை அறிக்கை எந்த ஆண்டுக்குரியது என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். தணிக்கைக்கென்றே 4 சதவீதம் தருகிறோம் அல்லவா?

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்